முதுகுப்பைக்கு ஒரு மழைச்சட்டை

உள்ளே போய்விட்டார். கண்ணாடிக் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் மெதுவாக வந்து மூடிக்கொண்டது. இனி நான் எழுந்திருக்கக் கூடாது, எழுந்திருக்க மாட்டேன் என்று சம்மதித்துத்தான் ஒப்பணக்கார வீதியின் இந்தப் பக்கம், இந்த ஜூஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன், சாத்துக்குடி சொன்னேன், சர்க்கரை வேண்டாம் ஐஸ் வேண்டாம் என்றேன், எல்லாம் என் வாயால் சொன்னேன், வாய் எனக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை, இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது, அந்த ஒன்றை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சென்னியப்பன், வேலை பார்த்த காலமெல்லாம் ஊர் ஊராகப் போய் மோட்டார் பம்பு விற்ற மனிதர், எதிர்ச்சாரியில் இருக்கிற பேக் கடைக்குள் தனியாகப் போயிருக்கிறார், மழை உறை வாங்க. முதுகில் மாட்டுகிற பெரிய பைக்கு மேலே இழுத்துவிடுகிற உறை. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. பைக்குச் சட்டை. பைக்கு முக்காடு. சிரிப்பு வருகிறது. வெளியே தொங்கவிட்டிருக்கிற பள்ளிக்கூடப் பைகளுக்கு நடுவே ஒரு சந்து, அந்தச் சந்து வழியாக அவருடைய நீலச் சட்டையின் தோள்பட்டை மட்டும் தெரிகிறது. தோள் நிற்கிறது. நகரவில்லை. யாராவது வந்து என்ன வேணும் என்று கேட்க வேண்டும் அல்லவா, கேட்டிருப்பார்களா, கேட்டு இவர் வாயைத் திறந்திருப்பாரா.

அந்தக் கடைக்குப் போன வாரம் நான் போனேன். வாயோடு போனேன். முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார், விற்கிற ஆள் ஒருவர்தான் இருந்தார், கட்டம் போட்ட சட்டை, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், பீகாரிலிருந்து புதிதாக வந்தவர், வாங்க என்பதும் நல்லாருக்கும் என்பதும் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. மழை வந்தா பேக் நனையும், பேக்குக்கு மேலே மூடறது, மூடறது என்று நான் சொன்னேன், சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்பதுபோல இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் பை பையாக எடுத்துப் போட்டார். நல்லாருக்கும், நல்லாருக்கும். கடைசியில் முகம் சிவந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, ஒப்பணக்கார வீதியிலேயே ஒரு சாமான் வாங்க முடியலை, நானெல்லாம் லாவோஸுக்குப் போகப் போறேனாக்கும் என்று செருப்பைக் கழற்றி எறிந்தபோது, சோபாவில் இருந்த இவர் சிரித்தார். நெஞ்சில் கை வைத்துத் தன்னைக் காட்டினார். நான் போறேன். இன்றைக்குக் கிளம்பும்போது, அதற்கு ரெயின் கவர் என்று பெயராம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன், வேண்டாம் என்று தள்ளினார். போனில் படம் காட்டினால் முடிந்தது என்று போனை நீட்டினேன். அதற்குத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, நாக்கை வெளியே தள்ளிக் காட்டினார். எனக்கு ஒரு நொடி உயிரே போய்விட்டது, அப்புறம்தான் புரிந்தது, போன் செத்துப்போனால்? அங்கே மலைமேல் பஸ்ஸில் சார்ஜ் தீர்ந்துபோனால்? சரியான கேள்விதான். அதனால் சீட்டு இல்லை, போன் இல்லை, நானும் இல்லை. வீதியைக் கடக்கக் கூடவே கிளம்பினவளை உள்ளங்கையைக் காட்டி இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார், டிராபிக் போலீஸ்காரர் மாதிரி. நான் மனதுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டதை அவரிடம் சொல்லவில்லை. இவர் வெறுங்கையோடு வெளியே வந்தால், நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகிற யோசனையை விட்டுவிட்டு, பையன் சொல்கிறபடி நாற்பது பேரோடு கொடி பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற டூருக்குச் சரி என்று சொல்லிவிடுவது. இட்லி சாம்பாரோடு, தமிழ் பேசுகிற கைடோடு, ஏசி பஸ்ஸில் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்துவிடுவது. அதிலும் ஒன்றும் தப்பில்லை. தப்பில்லை என்று எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறேன்.

தோள் நகர்ந்துவிட்டது. சந்தில் இப்போது நீலம் இல்லை. எப்படிக் கேட்பார். மழையைக் கையால் எப்படிக் காட்டுவது, விரல்களை மேலிருந்து கீழே ஆட்டினால் மழை, ஆனால் ஷவர் என்றும் தோன்றலாம், அரிசி களைவது என்றும் தோன்றலாம், பிறகு பை, தோளில் மாட்டுகிற மாதிரி, பிறகு மூடுவது, மூடுவதற்கு என்ன. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே என் கைகள் அவற்றைச் செய்துபார்க்கின்றன, விரல் ஆட்டி, தோளைத் தொட்டு, தலைக்கு மேல் கையைக் கவிழ்த்து. ஜூஸ் போடுகிறவர் மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். "ஏனுங்கம்மா, எதாச்சு வேணுங்களா?" ஒன்றுமில்லைங்க என்று கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். பாவம், அவருக்கும் புரியவில்லை. எனக்கே புரியாது. ஆனால் இவருக்கு, அந்தக் காலத்து இவருக்கு, வாயே கை, கையே வாய். கர்நூலில் தெலுங்கு, ஹூப்ளியில் கன்னடம், நாக்பூரில் இந்தி, எதுவும் புத்தகம் வைத்துப் படித்ததில்லை, டீக்கடையிலும் வயல் வரப்பிலும் நின்று பொறுக்கியது. எந்த ஊருக்குப் போனாலும் இறங்கின உடனே யார் தோளிலாவது கை போட்டுவிடுவார். நான் பின்னால் நிற்பேன், பையைப் பிடித்துக்கொண்டு. திருப்பதியோ மைசூரோ, வழி கேட்பது, ரூம் கேட்பது, வெந்நீர் கேட்பது, சண்டை போடுவது எல்லாம் அவர்தான், எனக்கு வாய் இருக்கிறது என்பதே அவருடைய சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக இரண்டு முதுகுப்பை வாங்கிக்கொண்டு வந்தார், ஒன்று பச்சை, ஒன்று மெரூன். வேலைக்காகச் சுத்துனது போதும் சுலோ, இனி சும்மா சுத்தலாம், நமக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஊராப் பாத்துப் போலாம் என்றார். எப்படீங்க பேசறது என்றதற்கு, ரெண்டு நாளு குடு, பேசிக் காட்டறேன் என்றார். அந்த மாசமே ஒருநாள் காலையில் ஹாலில் நின்று ஈரோட்டு டீலர் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அட, திங்கக்கிழமை வந்துர்றனுங்க, திங்கக்கிழமை என்றார், மறுபடியும் திங்கக்கிழமை என்றார், மறுபடியும், நான் என்ன இது என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, போன் தரையில் கிடந்து அந்த ஈரோட்டுக்காரர் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒரே காலையில் போய்விட்டன, திங்கக்கிழமை மட்டும் நின்றுவிட்டது. காபி வேண்டுமென்றால் திங்கக்கிழமை, வேண்டாமென்றாலும் திங்கக்கிழமை, கரண்ட் போனால் திங்கக்கிழமை, என் பிறந்தநாளன்று என் தலையில் கை வைத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக, திங்கக்கிழமை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், உள்ளே எல்லாம் அப்படியே இருக்குங்கம்மா, நாம பேசறதும் புரியும், அவர் நினைக்கிறதும் சரியாத்தான் நினைக்கிறார், வெளியே வர்ற வழிதான் அடைஞ்சுபோச்சு. அடைத்துக்கொண்டதில் முதலில் அவர் அழுதார், பிறகு தட்டைத் தூக்கி எறிந்தார், பிறகு பேசாமல் இருந்தார், அந்தப் பேசாமல் இருந்த மாதங்களை நான் நினைக்க விரும்பவில்லை. அந்த மாதங்களில் நான் பேசக் கற்றுக்கொண்டேன். டாக்டரோடு, இன்சூரன்ஸ்காரரோடு, பாங்க் மேனேஜரோடு, ஆட்டோக்காரரோடு. நன்றாகவே பேசினேன். ஒருநாள் அந்தப் பெண் அவரைப் பார்த்து, சார் மத்தியானம் என்ன சாப்ட்டீங்க என்று கேட்டாள், நான் ரசம், பீன்ஸ் பொரியல் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இவருக்குப் பேச்சு வராம இருக்கறதுக்குப் பாதிக் காரணம் ஸ்ட்ரோக்கு. மீதி நீங்க." வீட்டுக்கு வருகிறவரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார், திங்கக்கிழமை என்றார், எனக்குத் தெரியும் காபிதான் என்று, தெரிந்தும் தெரியாதவள்போல நின்றேன். அவர் முறைத்தார். நான் நின்றேன். கடைசியில் அவரே வந்து டம்ளரை எடுத்து, இடது கையால் டிகாஷன் சொட்டுகிற மாதிரி விரலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டி, மேலே நுரையைப் பூவாக விரித்துக் காட்டினார். அப்படி ஒரு காபியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் மறுபடியும் எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது.

இதோ தெரிகிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள் இரண்டு பேரும். பீகார்காரர் கையில் என்ன, குடை. குடை கொண்டுவந்து விரித்துக் காட்டுகிறார். அப்படியென்றால் மழை புரிந்துவிட்டது! மழை அந்த ஆள் தலையில் ஏறிவிட்டது! ஆனால் குடை. இவர் தலையை ஆட்டுகிறார், இல்லை, இல்லை, கையால் குடையை மடக்கச் சொல்கிறார். அந்த ஆள் உள்ளே போகிறார். சாத்துக்குடி புளிக்கிறது, கொட்டையோடு அரைத்துவிட்டார்கள், லேசாகக் கசப்பும். ஒரு டவுன் பஸ் வந்து நேராகக் கடைக்கு முன்னால் நின்றுவிட்டது, உக்கடம் உக்கடம் என்று கண்டக்டர் கத்துகிறார், போய்த்தொலையேன். பஸ். பஸ்ஸைப் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். ஹனோயிலிருந்து லாவோஸுக்குள் போகிற பஸ் ராப்பகலாகப் போகுமாம், நடுக்காட்டில் எங்கேயோ நிற்குமாம், ஒதுங்க இறங்குவார், நான் தூங்கிக்கொண்டிருப்பேன், பஸ் எடுத்துவிடும், ஊர் பேர் தெரியாத ரோட்டோரத்தில் என் புருஷன் நின்றுகொண்டு திங்கக்கிழமை, திங்கக்கிழமை என்று. எல்லையில் ஆபீசர் கேட்பான், எதற்கு வந்தாய், எத்தனை நாள் இருப்பாய். அதற்கும் அதுதான். அதைவிடப் பெரிதாக ஒன்று, அதை நான் பகலில் நினைப்பதில்லை, இன்றைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது: அங்கே மறுபடி ஒருதரம் வந்துவிட்டால். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை, "வரலாம். இங்கே சோபாவுல உக்காந்து டிவி பாத்துட்டு இருந்தாலும் வரலாம். மாத்திரையை விடாதீங்க, தண்ணி நல்லாக் குடிங்க, போய்ட்டு வாங்க" என்றார். போய்ட்டு வாங்க என்று அவர் சொன்னபோது இவர் எழுந்து நின்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கி விடவே இல்லை, அடுத்த நோயாளி கதவைத் தட்டுகிற வரைக்கும். அந்தச் சோபா எனக்கு ஞாபகம் வருகிறது. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் பள்ளமாகிப்போன அந்த இடம்.

போன் அடிக்கிறது. பெங்களூரிலிருந்து பையன் கிரிதரன். எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி அடிப்பான். "எங்கம்மா இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்குது?" ஒப்பணக்கார வீதீல, ஜூஸ் குடிச்சுட்டு இருக்கறேன் கண்ணு. "அப்பா?" எதிர்க்கடையில. "தனியாவா?" தனியாத்தான். அந்தப் பக்கம் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அம்மா, போய்ப் பாருங்க" என்றான். மாட்டேன். "வெளையாடாதீங்கம்மா. யாராவது என்னமோ கேட்டு, அவருக்குச் சொல்ல வராம, டென்ஷன் ஆகி..." ஆகட்டும். "இங்கயே இப்படின்னா, அங்க போய் என்ன பண்ணுவீங்க? அப்பாவுக்குப் பேச்சு இல்லை, உங்களுக்குப் பாஷை இல்லை. ரெண்டு பேரும் சேந்து எப்படி?" நல்ல பையன், பயத்தில்தான் குரல் உயர்கிறது, எனக்குத் தெரியும், அப்பா விழுந்த அன்றைக்கு ராத்திரியே கார் ஓட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே விடிய விடிய இருந்தவன். ஆனால் இதற்கு என்ன பதில் என்று யோசிக்காமலே என் வாயில் வந்துவிட்டது. கண்ணு, ரெண்டு வருஷமா நான் பாஷை தெரியாத ஊர்லதான் குடியிருக்கறேன். உங்கப்பா வீட்டுலதான். வழி தெரியலை, போர்டு படிக்கத் தெரியலை, மொதல்ல அழுதேன், இப்ப எனக்கு அந்த ஊர்ல எல்லாத் தெருவும் தெரியும். அங்க இன்னும் மூணு ஊரு, அவ்வளவுதானே. அவன் அம்மா என்றான். ஜூஸ் போடுகிறவர் வேறு பக்கம் பார்ப்பதுபோல நின்றார். சாயங்காலம் பேசறேன் கண்ணு, இப்ப எனக்கு அங்க பாக்கணும் என்று வைத்துவிட்டேன். பெரிதாகச் சொல்லிவிட்டேன். பஸ் போய்விட்டது. சந்தில் யாரும் இல்லை.

எங்கே போனார்கள். உள்ளறைக்கா. மூன்று ஊர் என்று சொன்னேனே, அந்த வழியைக் கண்டுபிடித்ததே ஒரு கதை. அலமாரிக் கதவில் மேப் ஒட்டியிருந்தோம், வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து. லாவோஸிலிருந்து தாய்லாந்து எல்லைக்குப் போக ரோடும் இருக்கிறது, ஆறும் இருக்கிறது. நான் பஸ் என்றேன், இவர் திங்கக்கிழமை என்றார், கோபமாக. சரி, ரயில் இருக்கிறதா பார்க்கட்டுமா என்றேன், இன்னும் கோபம். எழுந்து குளியலறைக்குப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பெரிய பேசினில் தண்ணீர் தளும்பத் தளும்ப இடது கையாலேயே இழுத்துக்கொண்டு வந்து ஹால் நடுவில் வைத்தார், தரையெல்லாம் நனைந்தது, சோப்பு டப்பாவை அதில் மிதக்கவிட்டார், டப்பாவுக்குள் இரண்டு புளியங்கொட்டை. ஒன்றைத் தொட்டு என்னைக் காட்டினார், ஒன்றைத் தொட்டு அவரை. பிறகு வாயால் ஊதினார். டப்பா நகர்ந்தது. படகு! மீகாங் ஆற்றில் இரண்டு நாள் மெதுவாகப் போகிற படகு, எங்கேயோ வீடியோவில் பார்த்து வைத்திருந்திருக்கிறார். நான் ஈரத்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து நானும் ஊதினேன். அதற்கப்புறம் எதுவும் எங்களை நிறுத்தவில்லை. ரேஸ்கோர்ஸில் காலை நடைக்கு வருகிற ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்க, பாரம் பழக, பையில் அரிசி போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு சுற்றினோம். மருதமலைப் படிகளில் ஏறினோம், வலது காலை அவர் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பார், நடுவில் மண்டபத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது ஒரு கல்யாண கோஷ்டி எங்களைப் பார்த்து, எந்த ஊருக்குப் போறீங்க பாட்டி என்றது. பாட்டியாம். லாவோஸுக்கு என்றேன். அது எங்க, பழனிப் பக்கமா என்றார்கள். ஆமா, பழனி தாண்டி என்றேன். இவர் சிரித்த சிரிப்பில் மண்டபத்துக் குரங்கு எழுந்து ஓடியது.

தெரிகிறார், தெரிகிறார். பீகார்காரர் இப்போது ரெயின்கோட் கொண்டுவந்திருக்கிறார். மஞ்சள் கலர், ஆள் உயரத்துக்கு. இவருக்குப் போட்டுப் பார்க்கிறார். ஐயோ, போட்டுக்கொள்கிறாரே. வேண்டாம் என்று சொல்லுங்களேன். கை நீட்டி நிற்கிறார், அந்த ஆள் பட்டனெல்லாம் போடுகிறார், இந்த மனுஷர் மரியாதைக்காகவே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார், எழுந்துவிட்டேன், ஒரு கால் தரையில், ஒரு கால் சாக்கடையைத் தாண்டி. உள்ளங்கை. அந்த உள்ளங்கையை நினைத்துக்கொண்டேன். உட்காரு சுலோச்சனா. வாயை மூடிக்கொண்டு உட்காரு. மீதி நீங்க என்றாளே. உட்கார்ந்தேன். ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோலர்கோஸ்டரில் உட்கார்ந்தவள்போல. உள்ளே அவர் ரெயின்கோட்டைக் கழற்றுகிறார். கழற்றிக் கொடுத்துவிடுவார் என்று பார்த்தால் கொடுக்கவில்லை, மேலே தொங்குகிற பெரிய பை ஒன்றைக் கழியால் தட்டி இறக்கச் சொல்கிறார், இறக்கினதும் அந்தப் பையைக் குழந்தையை நிற்கவைப்பதுபோல மேஜைமேல் நிற்கவைத்து, ரெயின்கோட்டை அதற்குப் போடுகிறார். பைக்குப் போடுகிறார்! கையை இரண்டு பக்கமும் மடித்துச் செருகி, தொப்பியை இழுத்துப் பையின் தலைக்கு மாட்டி, அதன் கன்னத்தைத் தட்டிக் கொடுக்கிறார். அந்த ஆள் ஒரு நொடி பார்க்கிறார். பிறகு இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு சிரிக்கிறார், அச்சா அச்சா என்று சொல்வது உதட்டிலேயே தெரிகிறது, ஓடுகிறார் உள்ளே. புரிந்துவிட்டது! நான் போன வாரம் தொண்டை கிழியக் கத்திப் புரியவைக்க முடியாததை இவர் ஒரு வார்த்தை இல்லாமல், ஒரு வார்த்தை இல்லாமல். "என்னங்கம்மா?" என்றார் ஜூஸ்காரர். பேக்குக்குச் சட்டை போட்டுட்டாருங்க என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு சரக்கு லாரி வந்து மறைத்தது, பின்னால் வரிசையாக ஹாரன் சத்தம். லாரி நகர்ந்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது, அவர் வெளியே வந்தார். கையில் ஒன்றும் இல்லை. இடது கையைப் பார்த்தேன், வலது கையைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. படியிறங்கி, என் பக்கம் திரும்பாமல், தலை கொஞ்சம் குனிந்து, டவுன்ஹால் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். என்ன ஆயிற்று, புரிந்ததே, சிரித்தாரே, என்ன கேட்டிருப்பான், ஏதோ கேட்டிருப்பான், இவரிடமிருந்து அந்த வார்த்தை வந்திருக்கும், அவன் இன்னொரு மாதிரிச் சிரித்திருப்பான், அதைத்தான் இவரால் தாங்க முடியாது, அப்படிச் சிரித்த ஒரு மளிகைக் கடைக்காரன் முன்னால் தட்டு எறிகிற மாதிரியே சீயக்காய்ப் பொட்டலத்தை எறிந்துவிட்டு வந்தவர். சரி. டூர். நாற்பது பேர். கொடி. பரவாயில்லைங்க என்று சொல்ல வேண்டும், ஆனால் அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன். எழுந்து காசை வைத்தேன். அப்போது கதவை உதைத்துக்கொண்டு அந்தப் பீகார்காரர் ஓடி வந்தார். "சார்! சார்! வாங்க, வாங்க! சார்!" கையில் ஆரஞ்சுக் கலரில் இரண்டு பொட்டலம், அவற்றைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு வருகிறார். இவர் நிற்கவில்லை. இன்னும் ரெண்டு எட்டு வைத்தார். அந்த ரெண்டு எட்டில்தான் எனக்கு விளங்கியது. அந்த நடை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சேலைக் கடையில், பாத்திரக் கடையில், பழக் கடையில், சொன்ன விலைக்குத் தரவில்லையென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறி, திரும்பிப் பாக்காத சுலோ, மெதுவாப் போ, மெதுவா, இப்பக் கூப்புடுவான் பாரு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாரே, அதே நடை! பேரம்! மனுஷர் பேரம் பேசிவிட்டு நடக்கிறார்! ஒரு வார்த்தை கிடையாது, பாஷை கிடையாது, ஆனால் அந்தப் பழைய பம்பு வியாபாரி ஒரு நூல்கூடக் குறையாமல் உள்ளே அப்படியே இருக்கிறார். அவர் நின்றார். ராஜா மாதிரித் திரும்பினார். யோசிப்பதுபோலக் கொஞ்சம் நின்றார். பிறகு அந்த ஆளின் தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பக் கடைக்குள் போனார். நான் ஜூஸ் கடைக் கல்லாவை ஓங்கித் தட்டினேன், டம்ளர் உருண்டது, "என்ற வீட்டுக்காரருங்க!" என்றேன். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார் ஜூஸ்காரர், டம்ளரைப் பிடித்துக்கொண்டு.

வெளியே வந்தபோது வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார் பீகார்காரர், இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இந்தியில் என்னவோ சொன்னார், இவர் திங்கக்கிழமை என்றார், ஊருக்குப் போய்ட்டு வந்து சொல்றேன் என்கிற மாதிரி, அந்த ஆளும் அதை அப்படியேதான் எடுத்துக்கொண்டார் போல, தலையாட்டினார். நான் வீதியைக் கடந்து ஓடினேன். கேட்க ஒன்றும் இல்லை. அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து அந்த ஆரஞ்சு உறையை நடுவீதியில் என் தலையில் மாட்டிவிட்டார், போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், நான் அதை உடனே கழற்றவில்லை. டவுன்ஹால் பக்கம் நடந்தோம், அவர் முன்னால், நான் பின்னால், காலை இழுத்து இழுத்துத்தான் வைக்கிறார், ஆனால் என்ன வேகம். எதிரே ஒரு குடும்பம் வந்தது, புருஷன் தலையில் பெட்டி, பெண்சாதி இடுப்பில் குழந்தை, இன்னும் இரண்டு பிள்ளைகள், வடக்கத்தியவர்கள், வழி தவறிய முகம். இத்தனை கூட்டத்தில் அவர்கள் நேராக இவரிடம் வந்தார்கள். என்னிடம் இல்லை. ஸ்டேஷன், ஸ்டேஷன் என்றார் பெட்டி சுமந்தவர், பின்னால் இந்தியில் நிறைய. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இவர் பெட்டிக்காரரின் தோளைப் பிடித்துத் திருப்பினார், கையை நேராக நீட்டினார், ஒரு திருப்பம் காட்டினார், தலைக்கு மேலே பெரிதாக ஒரு வளைவு போட்டார், பிறகு முழங்கையை மடக்கி ரயில் சக்கரம் சுற்றுகிற மாதிரிச் சுற்றிக் காட்டி, கைக்கடிகாரத்தைத் தட்டி, நேரம் இருக்கு, அவசரமில்லை என்று கையமர்த்தினார். பிள்ளைகள் சிரித்தன. அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. கும்பிட்டுவிட்டு, அவர் காட்டின பக்கமே அவர்கள் சரியாகப் போனார்கள். இவருக்கு என்ன செய்தோம் என்றே தெரியவில்லை, எதற்கு நின்றுவிட்டாய் என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். வழி தெரியாதவர்கள் பார்த்ததும் வந்து கேட்கிற மாதிரியான முகம் அவருக்கு. நான் அங்கேயே, அந்த வெயிலில், பழக்கடை வண்டிக்கும் பூக்காரிக்கும் நடுவில் நின்று போனில் பிளேன் டிக்கெட் பக்கத்தைத் திறந்தேன். போவது ஹனோய்க்கு, திரும்புவது பாங்காக்கிலிருந்து, தேதி போட்டேன், பெயர்களைத் தேர்ந்தேன், பாங்கிலிருந்து எண் வந்தது, அதையும் போட்டேன், கடைசிப் பக்கம் வந்தபோது வெயில் திரையில் பட்டு ஒன்றுமே தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது. அவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். என்ன செய்கிறேன் என்று புரிந்துகொண்டார். போனுக்கு மேலே கையைக் குவித்துப் பிடித்தார். அந்த நிழலில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, சென்னியப்பன், சுலோச்சனா, இரண்டு பேர். அழுத்தினேன்.